முழங்கை அக்காவும் என் வலது தோளும்

பூண்டுலோயாப் பக்கத்து மலைகளில் மனிதர்கள் இரண்டே வகைதான். முழங்கை அக்காவின் மேசையில் படுத்து அழுதவர்கள் ஒரு வகை. அழுதுவிட்டு வெளியே வந்து, "கண்ணுல எண்ண பட்டுருச்சு" என்று சொன்னவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகையைச் சேர்ந்தவள்.

அக்காவுக்கு அடையாள அட்டையில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. ஆள் நாலே முக்கால் அடி. காற்று பலமாக அடித்தால் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய உடம்பு. ஆனால் அந்த வலது முழங்கை வேறு யாருடையதோ. பெரிய லொறி ஒன்றின் கீழே இருந்து கழற்றிப் பொருத்தியது போல இருக்கும். அதை ஒருவரின் முதுகில் ஊன்றி, மெதுவாக உடம்பின் பாரத்தை எல்லாம் அதில் இறக்கி, குனிந்து காதருகில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இங்க யாரு இருக்கா?"

முதலில் எல்லோரும் "ஐயோ" என்பார்கள். அக்கா அதைப் பதிலாக ஏற்பதில்லை. இன்னும் கொஞ்சம் ஊன்றுவார். அடுத்து ஒரு பெயர் வரும். பெயருக்குப் பின்னால் அழுகை வரும்.

நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலில் வெளிநாட்டுக்காரர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலையில் பன்னிரண்டு வருடம் இருந்தவர் அக்கா. அந்த வேலை போன கதையை அவரே சந்தோஷமாகச் சொல்வார்.

"ஒரு வெள்ளக்கார அம்மா வந்தாங்க. முதுகு பலகையாட்டம் இருந்திச்சு. லேசா ஒரு அமுக்கு. ஒரு மணி நேரம் அழுதாங்க. போறப்ப என்னயக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்துட்டுத்தான் போனாங்க. மேனேஜர் கூப்புட்டு, 'இங்க ஆளுங்க சிரிக்கிறதுக்கு வாறாங்க, நீ அழ வைக்கிறியே'ன்னாரு. 'சேர், அடியில கெடக்குற அழுகைய எடுக்காம மேல எப்பிடி சேர் சிரிப்பு வரும்?'னு கேட்டேன். அதோட சரி."

வேலை போனதும் எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டார். ஏன் எங்கள் தோட்டம் என்று கேட்டதற்கு, "பஸ்ஸுல போறப்ப பாத்தேன். மலையில நிக்கிற அத்தன பொம்பளைங்களுக்கும் முதுகு சரியில்ல" என்றார். புதிதாகக் குழந்தைகள் காப்பகம் கட்டியிருந்ததால், பழைய பிள்ளைக்காம்பரா சும்மா கிடந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அதை அவருக்குத் தங்கக் கொடுத்தார். படுக்கவைத்து அமுக்க ஒரு நீள மேசை வேண்டும் என்றார். எங்கள் பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட ஆய்வுகூட மேசையை அதிபர் தூக்கிக் கொடுத்தார். நான்தான் அங்கே விஞ்ஞான ஆசிரியை. அந்த மேசையில் எத்தனையோ தவளைகளை மல்லாத்திப் பிள்ளைகளுக்கு உள்ளே இருப்பதைக் காட்டியிருக்கிறேன்.

கதவில் ஒரு அட்டை தொங்கியது. "கத்தலாம். அழலாம். கெட்ட வார்த்தை பேசலாம். போன் பேசக் கூடாது." கிழமை நாட்களில் பெண்கள் மட்டும். ஆண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை, அதுவும் பெண்சாதி கூட வந்தால்தான்.

எந்தக் கஷ்டம் உடம்பில் எங்கே குடியிருக்கும் என்று அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. கோபம் தாடையில். பயம் வயிற்றில். மாமியார் இடுப்பில். "அப்ப புருஷன் எங்கக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். அக்கா யோசித்துவிட்டு, "அது பொதுவா ஒடம்பு பூராவும்" என்றார்.

அவருக்கு முகங்கள் ஞாபகம் இருப்பதில்லை. முதுகுகள்தான். கோயில் திருவிழாவில் யாராவது ஆசையோடு ஓடிப்போய், "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் விழிப்பார். "கொஞ்சம் திரும்புங்க" என்பார். கூட்டத்தின் நடுவில் அவர்கள் வெட்கத்தோடு திரும்பி நிற்க வேண்டும். அக்காவின் முகம் மலரும். "அட, நீங்களா! சின்ன மகன் வேலைக்குப் போறானா?"

ஒருமுறை நாங்கள் இருவரும் நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் போனோம். டிரைவரின் சீட்டுக்குப் பின்னால் அக்கா நின்றார். ரொம்ப நேரமாக அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தவர், ஒரு வளைவில் பஸ் எதிரே வந்த மரக்கறி லொறிக்காக நின்றதும், பொறுக்க முடியாமல் கட்டைவிரலை வைத்து ஒரே அமுக்கு. டிரைவர் போட்ட சத்தத்தில் பின்சீட்டில் தூங்கியவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். அழுகிறார் என்று முதுகு குலுங்கியபோதுதான் தெரிந்தது. லொறிக்காரர் ஹோர்ன் அடிக்கிறார். கண்டக்டர் அக்காவைத் திட்டுகிறார். அக்கா சாவகாசமாக, "விடுங்க தம்பி, ரெண்டு நிமிஷம். இவரு யாரையோ பஸ் ஸ்டாண்டுல ஏத்திவிட்டுட்டு இன்னும் எறக்கல" என்றார். டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி வெளிநாடு போயி நாலு மாசங்க" என்றார். அன்றிலிருந்து அக்கா எந்த வளைவில் நின்றாலும் அந்த பஸ் நிற்கும்.

இப்படி ஒரு இடத்திலிருந்து கத்தலும் கதறலும் வந்தால் யாராவது புகார் கொடுக்காமல் இருப்பார்களா? கொடுத்தார்கள். ஒரு வியாழக்கிழமை கிராம சேவகர் வந்துவிட்டார். சிங்களவர், ரொம்பக் கண்டிப்பானவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "மொகத மே கெதர வென்னே?" என்று அதட்டினார். இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்கிறார்.

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. சுற்றிப் பின்பக்கமாகப் போய் நின்றார். "மாத்தையா, கொந்த ரிதெனவாத?" என்று ஹோட்டல் சிங்களத்தில் கேட்டார். ஐயா, இடுப்பு வலிக்கிறதா என்று.

கிராம சேவகரின் ஒரு கை தன்னால் இடுப்புக்குப் போனது. பிறகு ஃபைலைக் கீழே வைத்தார்.

பெண்சாதி கூட வராததால் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்து, பக்கத்து லயத்து வீடுகளில் இருந்தவர்களை எல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டார் அக்கா. நாங்கள் இருபது பேர் பார்க்க, முழங்கை மாத்தையாவின் இடுப்பில் இறங்கியது. அவர் அழவில்லை. சிரித்தார். முதலில் மூக்கால் சிரித்தார், அப்புறம் வாயால், அப்புறம் மேசையைக் குத்திக் குத்தி. என்ன சிரிப்பு என்று அவருக்கே தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் சிரிக்க ஆரம்பித்தோம். "அழுக மட்டுமா அடஞ்சு கெடக்கும்? சிலருக்கு இதுதான் கெடக்கும்" என்றார் அக்கா. 'சத்தம் வருவது உண்மை. குற்றம் எதுவும் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார் கிராம சேவகர். அடுத்த ஞாயிறு பெண்சாதியோடு வந்தார்.

அக்கா எல்லோரையும் மேசையில் ஏற்றிவிட மாட்டார். கொழுந்து எடுக்கும் ஒரு பெண் முதுகு வலி என்று வந்தாள். அக்கா கையை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். "எந்திரி. இது என் வேல இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போ." அவள் நாளைக்குப் போகிறேன் என்றாள். அக்கா செருப்பைக்கூட மாட்டாமல் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றினார். சிறுநீரகத்தில் கோளாறாம். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். "எனக்கு எங்க அமுக்கணும்னு தெரியும். எங்க அமுக்கக் கூடாதுன்னு அதவிட நல்லாத் தெரியும்" என்பார் அக்கா. அவர் மேல் எனக்கு முதலில் மரியாதை வந்தது அன்றைக்குத்தான். அதுவரை, அழுகை நரம்பில் தங்குமா, எலும்பில் தங்குமா என்று ஆசிரியர் அறையில் அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவள் நான்.

என் வலது தோள் அப்போது ஏழு மாதமாகத் தூக்க முடியாமல் இருந்தது. கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும்தான் எழுதுவேன். தலை சீவ இடது கை. டாக்டர் தோள் இறுகிவிட்டது என்று சொல்லி, சுவரில் விரலால் ஏறும் பயிற்சி ஒன்றைக் காட்டினார். நான் இரண்டு நாள் செய்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். பெருமழை. மேல் டிவிஷனில், அம்மா இருந்த லயத்துக்குப் பின்னால், பட்டப்பகலில் மண் சரியத் தொடங்கியது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் அங்கே இருந்தேன். எல்லோரும் கோயிலைப் பார்த்து ஓடினோம். பாதி வழியில் அம்மா திரும்பினார்.

"நோனா கட்டிக் கெடக்குறா. கயித்த அவுத்துவிட்டுட்டு வந்துர்றேன்."

நோனா எங்கள் மாடு. நடுரோட்டில் வந்தாலும் யாருக்கும் வழிவிடாது, திரும்பியும் பார்க்காது. அந்த மிடுக்கைப் பார்த்துத்தான் அம்மா, சீமாட்டி என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்திருந்தார். நான் வலது கையால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். முப்பத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்த கை அது. என்னைவிடப் பலம். அவர் மேலே இழுத்தார், நான் கீழே இழுத்தேன். பிறகு மலை இறங்கும் சத்தம் கேட்டது. பார்த்தால், கொட்டில் இருந்த இடத்தில் கொட்டில் இல்லை.

"உசிருச்சேதம் இல்ல, அதப் பெருசா நெனைங்க" என்றார்கள் எல்லோரும். நாங்களும் பெரிதாக நினைத்துக்கொண்டோம். ஒரு மாட்டுக்காக யாரிடம் போய் அழுவது? அம்மா என்னோடு டீச்சர் குவாட்டர்ஸுக்கு வந்துவிட்டார். ஆனால் பேச்சு நின்றுபோனது. "சோறு இருக்கு." "மழ வருது." "கதவச் சாத்து." ஒரு நாளைக்கு இந்த மூன்றுதான். என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

ஒரு புதன்கிழமை, பள்ளி விட்டதும், யாரும் பார்க்காமல் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். வெளியே மூன்று பெண்கள் காத்திருந்ததால் யாரும் பார்க்காமல் என்பது நடக்கவில்லை. என் பழைய மேசையில் குப்புறப் படுத்தேன். தவளைகளின் நினைப்பு வந்தது.

தோள்பட்டைக்குக் கீழே முழங்கை இறங்கியது. எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது.

"இங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லங்க. அங்க தசைதான் இருக்கு."

"என்னா தச?"

"ட்ரபீசியஸ்."

அக்கா கொஞ்சம் நிறுத்தினார். "அந்தாளு யாரு டீச்சர்? நம்ம ஊருப் பேராத் தெரியலயே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் மூச்சு இளகியது. அந்த ஒரு கணத்துக்காகவே காத்திருந்தவர் போல அக்கா முழு பாரத்தையும் இறக்கினார். என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே அன்னியமாக இருந்தது.

"நோனா! ஐயோ நோனா!"

எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியாது. மண்ணின் சத்தம், அம்மாவின் மணிக்கட்டு, கடைசியாக ஒரு தடவை அது 'ம்மா' என்று கூப்பிட்டது, அதைக் கேட்காதது மாதிரி நான் அம்மாவை இழுத்தது, எல்லாம் வந்தது. அக்கா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. முழங்கையை எடுத்துவிட்டு, உள்ளங்கையை அதே இடத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அழுகை நின்றதும் மூக்கு சிந்தத் துணி கொடுத்தார். அப்புறம் திட்டினார். "டாக்டரு சொன்னதச் செய்யாம ஏங்கிட்ட எதுக்கு வந்தீங்க? சொவத்துல வெரல வச்சு தெனமும் ஏறணும். நான் அழுகையத்தான் எடுப்பேன். கைய நீங்கதான் தூக்கணும்."

வெளியே இருந்த மூன்று பெண்களிடம் கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்கள் நம்பவில்லை. அதுகூடப் பரவாயில்லை. எங்கள் தோட்டத்தில் துரையின் மனைவியையும் நோனா என்றுதான் சொல்வார்கள். மறுநாள் காலையில் பேர் பதியப் பெரட்டுக் களத்தில் கூடியவர்கள் வேலைக்குப் பிரிந்து போவதற்குள், விஞ்ஞான டீச்சர் நோனாவை நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினாள் என்ற செய்தி நாலு டிவிஷனுக்கும் போய்விட்டது. பத்தரை மணி இடைவேளைக்கு துரை பங்களாவின் சமையல்காரர் ஒரு கேக் பொட்டலத்தோடு பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

"டீச்சர், நோனா குடுத்துவிட்டாங்க. அவங்க தெரியாம ஏதும் மனசு நோகப் பேசியிருந்தா மன்னிச்சுக்கச் சொன்னாங்க."

நான் என்ன சொல்வது? நான் அழுதது உங்களுக்காக இல்லை, எங்கள் மாட்டுக்காக. அதற்கும் உங்கள் பெயர்தான் என்றா? கேக்கை வாங்கிக்கொண்டேன். "கண்ணுல எண்ண பட்டுருச்சுன்னு சொல்லுங்கண்ணே" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

அன்று சாயந்திரம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பவில்லை.

"மாட்டுக்கா அழுத?"

"ஆமாம்மா."

"எல்லாரும் வேற சொல்றாங்க. எனக்குத் தெரியும், மாட்டுக்குத்தான்னு."

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. இருவரும் அதை இறக்கவில்லை.

"அன்னைக்கு நீ என் கைய விட்டிருந்தா நானும் போயிருப்பேன்டி. அது தெரியும் எனக்கு."

"அப்புறம் ஏம்மா எங்கிட்டப் பேசாம இருந்தீங்க? எம்மேல கோவமா?"

"ஒம்மேல என்னா கோவம்?" அம்மா இப்போது திரும்பினார். "அன்னைக்குக் காலையில நோனா கேரட் பாத்தியில பூந்துட்டான்னு ரெட்ட முடிச்சுப் போட்டது நாந்தானே. ஒத்த முடிச்சா இருந்தா அவுத்துக்கிட்டு ஓடியிருப்பா. இத வாயால எப்பிடிச் சொல்லுவேன்? அதான் எதையுமே சொல்லல."

அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். இந்தத் தடவை அவர் இழுக்கவில்லை.

அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா அம்மாவின் இடுப்பில் முழங்கையை ஊன்றி வழக்கமான கேள்வியைக் கேட்டார். அம்மா பளிச்சென்று, "மாடுங்க" என்றார். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னா டீச்சர், ஒங்க வீட்டுல எல்லாரு ஒடம்புலயும் ஒரே மாடா?"

மேசையில் படுத்தபடியே அம்மா சிரித்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுதார். அதன் பிறகு வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. இப்போது ஒரு நாளைக்கு மூன்று வாக்கியமாவது குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று நானே சில நேரம் நினைப்பேன். என் கையும் சுவரில் ஏறி ஏறி, கரும்பலகையின் மேல் விளிம்பைத் தொட்டது.

இத்தனை பேரைத் தொட்ட அக்காவை யாரும் தொட்டதில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனபோது, அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்த நிலையில் நின்றார். நிமிர முடியவில்லை.

"படுங்கக்கா" என்றேன்.

"யாரு? நானா? வெளிய ஆளுங்க வந்துருவாங்க டீச்சர்."

"படுங்க."

படுத்தார். எனக்கு முழங்கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அவர் குப்புறப் படுத்தபடி கங்காணி மாதிரி வேலை வாங்கினார். "மேல... அது எலும்பு டீச்சர், எலும்ப ஏன் அமுக்குறீங்க... கொஞ்சம் கீழ... என்னா கை இது, ரொட்டிக்கு மாவு பெசையுறாப்புல... பாரத்த எறக்குங்க, பயப்புடாம எறக்குங்க..." திடீரென்று நின்றார். இடம் அகப்பட்டுவிட்டது என்று எனக்கே தெரிந்தது. கல் மாதிரி இருந்தது.

குனிந்து கேட்டேன். "இங்க யாருக்கா இருக்கா?"

அவர் கன்னத்தை மேசைப் பலகையில் சாய்த்தார்.

"யாரும் இல்ல டீச்சர்" என்றார். "அதான் வலிக்குது."

அவர் செய்வதையே செய்தேன். முழங்கையை எடுத்துவிட்டு, உள்ளங்கையை அங்கே வைத்துக்கொண்டு நின்றேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழவில்லை. மூச்சு மெல்ல நீண்டது. தூங்கிப்போனார். அந்தச் சின்ன உடம்பிலிருந்து, தேயிலை ஃபெக்டரியின் மெஷின் ஓடுவது போல ஒரு குறட்டை கிளம்பியது.

வெளியே ஏழு பேர் வந்து காத்திருந்தார்கள். கணவன் மனைவியாக மூன்று ஜோடி. ஏழாவதாகத் தனியாக வந்திருந்தவர் என் அம்மா. நான் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். "அக்கா ஊருல இல்ல. அடுத்த ஞாயிறு வாங்க" என்றேன்.

குறட்டைச் சத்தம் வாசல் வரை நன்றாகக் கேட்டது. ஏழு பேரும் கேட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் படி இறங்கிப் போனார்கள்.